மேடையில் சொல்லி முடிக்காத நன்றி

இயேசுவில் அன்புக்குரியவர்களே,

பெந்தகோஸ்து பெருவிழாத் திருப்பலியில் எங்கள் இளையோர் நற்செய்திப் பணிக்குழு தன் பணி வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொண்டது. அன்று நன்றியுரைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆயரில் தொடங்கி ஒலிபெருக்கி வரை வருவதற்குள் இறுதிப் பாடலை எடுத்துவிட்டார்கள். பாடகர் குழுவைக் குறை சொல்லவில்லை, நேரம் அப்படி. ஆனால் சொல்ல நினைத்தவர்களில் பாதிப் பேரைச் சொல்லவில்லை. அவர்களுக்காக, குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கள் குழுவிலிருந்து விலகிப்போன தம்பி தங்கைகளுக்கு.

குழுவைப் புதுப்பிப்பது என்று முடிவானதும், சேர்ந்து தங்கிச் செபிக்கும் அடுத்த தியானத்துக்கு யாரை அழைக்கலாம், என்ன தலைப்பு வைக்கலாம் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. எங்களுக்கு வழிகாட்டிய அருள்சகோதரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வருகிறவர்களிடமே கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? வராமல் போனவர்களிடம் போய்க் கேளுங்கள்" என்றார். போனோம். படிப்பு, வேலை, காதல், கைப்பேசி என்று ஏதாவது காரணம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்கள் சொன்னது வேறு. தியான நாட்களில் கடவுளை நிஜமாகவே உணர்ந்தோம், நற்கருணை ஆராதனையில் அழுதோம், பல ஆண்டுகள் கழித்து பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போனோம் என்றார்கள். "அடுத்த வாரம் கூட்டத்துக்கு வந்தால் வகுப்பு. அதற்கடுத்த வாரமும் வகுப்பு. அன்று அழுதாயே, இப்போது எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை" என்றாள் ஒரு தங்கை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது.

2018ஆம் ஆண்டு இளையோரைப் பற்றி உரோமையில் நடந்த ஆயர் மாமன்றத்துக்குப் பிறகு, திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 25 அன்று 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற திருத்தூது அறிவுரை மடலில் கையெழுத்திட்டார். அதன் 212ஆம் பத்தி அந்தத் தங்கை சொன்னதையேதான் சொல்கிறது. இளைஞர்களுக்கு ஆழமான ஓர் இறையனுபவம் கிடைக்கிறது, அதன்பின் கோட்பாடும் ஒழுக்கமும் பற்றிய உரைகளைத் தவிர வேறெதுவும் தொடர்வதில்லை, சலிப்பில் அந்த நெருப்பு அணைந்துபோகிறது, பலர் விலகிவிடுகிறார்கள் என்று. எழுத்தில் படித்தபோது தலையாட்டிவிட்டுப் போகலாம். முகம் பார்த்துச் சொன்னபோது அப்படி முடியவில்லை.

மறைக்கல்வி வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். திருஅவை இதை ஏன் சொல்கிறது, அதை ஏன் மறுக்கிறது என்று கேட்பதற்கு அவர்களிடம் நிறைய இருந்தது. கேட்க இடம்தான் இல்லை. இப்போது முதல் தியானத்தில் மூன்றே செய்திகள்: கடவுள் உன்னை அன்பு செய்கிறார், கிறிஸ்து உன்னை மீட்கிறார், அவர் இன்றும் உயிரோடிருக்கிறார். அதே அறிவுரையின் நான்காம் இயல் இந்த மூன்றின்மேல்தான் நிற்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் சிறு குழுக்கள் இருக்கின்றன, அங்கே பேச்சு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. பெரிய மேடை நிகழ்ச்சிகளைக் குறைத்துவிட்டோம். இந்த மாற்றம் எந்த ஆலோசகரும் தந்ததல்ல, விலகிப்போனவர்கள் தந்தது. அவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். சிலர் வரவில்லை. வராதவர்களுக்கும் இந்த நன்றி முழுசாகவே சேரும்.

அடுத்து, குழுவைத் தொடங்கி இவ்வளவு காலம் சுமந்த அண்ணன்மார், அக்காமாருக்கு. நீங்கள் பொறுப்பை விட்டுக் கொடுத்த விதம் அழகாக இருந்தது. வரவு செலவு நோட்டு, அலமாரிச் சாவி, பழைய உறுப்பினர் பட்டியல், கடைசியில் சமூக வலைத்தளக் கணக்குகளின் கடவுச்சொல். கடவுச்சொல்லைத் தரும்போது மட்டும் ஓர் அண்ணன் சற்றுத் தயங்கினார், எல்லாரும் சிரித்துவிட்டோம். தந்தபின் ஒருமுறைகூட உள்ளே நுழைந்து பார்க்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பல குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். தொடங்கியவர்கள் போகவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். நீங்கள் பொறுப்பை விட்டீர்கள், ஆனால் போகவில்லை. தலைமைக் குழுவிலிருந்து விலகி, ஆளுக்கு ஒரு சிறு குழுவுக்கு, கூடவே இருந்து கேட்கும் உடன்பயணியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

விவிலியத்தின் சாமுவேல் முதல் நூலில் வரும் முதிய குரு ஏலியைப் பற்றிச் சகோதரி பயிற்சியில் சொன்னது நினைவிருக்கிறதா? கடவுள் கூப்பிட்டது சிறுவன் சாமுவேலை. ஏலிக்கு அந்தக் குரல் கேட்கவே இல்லை. ஆனாலும் அது யார் குரல் என்று புரிந்துகொண்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் இப்படிப் பதில் சொல் என்று சொல்லிக்கொடுத்தது அந்தக் கிழவர்தான். அவர் குறையில்லாதவர் அல்லர், தன் பிள்ளைகளைக்கூடத் திருத்தாதவர். அப்படிப்பட்டவராலும் இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்ய முடிந்தது. உடன்பயணியாக இருக்க எங்களுக்குத் தகுதி இல்லை என்று பின்வாங்கிய பலரை அன்று உட்கார வைத்தது இந்தக் கதைதான்.

அந்தச் சகோதரிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கேட்பதற்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அறிவுரை கூடாது, "எனக்கும் இப்படித்தான் நடந்தது" என்று ஆரம்பிக்கக் கூடாது, உடனே விவிலிய வசனம் சொல்லக் கூடாது. கடைசி விதி எங்களில் பலருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போன சீடர் இருவருக்கு வழியில் மறைநூலை விளக்கினார்தான், ஆனால் அதற்கு முன் "எதைப்பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள்" என்று கேட்டுவிட்டு, அவர்கள் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை கூடவே நடந்தார் என்று அவர் சுட்டிக்காட்டியபின் யாரும் வாதாடவில்லை.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு நன்றி. சிறார் பாதுகாப்பு விதிமுறைகளை எழுதித்தந்த வழக்கறிஞருக்கும் ஆசிரியைக்கும். 18 வயது நிரம்பாதவரோடு மூடிய அறையில் தனியாகப் பேசக் கூடாது. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தத் தங்கல் தியானமும் இல்லை. தனிப்பட்ட குறுஞ்செய்தி கூடாது, எல்லாம் பொதுக்குழுவில்தான். எந்தப் பெரியவரும் ஒற்றை ஆளாகப் பொறுப்பேற்கக் கூடாது. புகார் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பது சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முதலில் இதைப் படித்தபோது எங்களில் சிலருக்கு மனம் வலித்தது, நம்மைச் சந்தேகப்படுகிறார்களா என்று. சந்தேகம் இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று ஆசிரியை பொறுமையாகச் சொன்னார். திருஅவைக்குள் நடந்த கொடுமைகள் பலவற்றைக் காலம் தாழ்த்தித்தான் ஒப்புக்கொண்டார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. முறைகேடுகளைப் புகாரளிக்கும் வழிமுறையை 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் உலகத் திருஅவை முழுவதற்கும் சட்டமாக்கினார். என்னைக் கேட்டால், நற்செய்தி அறிவிப்புக்குப் புதுப் பாடலைவிட, புது ஒலிபெருக்கியைவிட இதுதான் முதலில் வேண்டும். பயந்த பிள்ளையிடம் எந்த நற்செய்தியும் போய்ச் சேராது.

பங்குத்தந்தைக்கு: மாலையில் ஆலயத்தைத் திறந்து வைத்து, ஒப்புரவுக்காக உட்கார்ந்திருந்தீர்கள். சில மாலைகளில் ஒருவர்கூட வரவில்லை. அப்போதும் உட்கார்ந்திருந்தீர்கள்.

பாடகர் குழுவின் பெரியவர்களுக்கு: கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே உங்கள் பொறுமை எங்கே முடியும் என்று எங்களுக்கே பயமாக இருந்தது. ஆராதனையின்போது மௌனம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொன்னதுதான் சரி. பாட்டின் வேகம் பற்றி இன்னும் உடன்பாடு இல்லை, அது அப்படியே இருக்கட்டும்.

சிலுவை செய்து தந்த தச்சருக்கு ஒரு தனி வணக்கம். 1984 ஏப்ரல் 22 அன்று, மீட்பின் புனித ஆண்டு முடிந்தபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு மரச்சிலுவையை இளைஞர்கள் கையில் கொடுத்து, உலகமெங்கும் கொண்டுபோகச் சொன்னார். கத்தோலிக்க இளைஞர்கள் உலகெங்குமிருந்து கூடும் உலக இளையோர் நாளின் சிலுவை என்று இன்றும் நாடு நாடாகப் போவது அதுதான். அதன் உயரம் 3.8 மீட்டர். அதே அளவில் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று போய் நின்றோம். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்?" என்று கேட்டார். மருத்துவமனை, விடுதி, முதியோர் இல்லம் என்றோம். "அப்படியானால் மாடிப்படியில் திரும்ப வேண்டுமே" என்றார். இப்போது இருப்பது இரண்டு பேர் எளிதாகத் தூக்கும் சிலுவை. எல்லா வாசலிலும் நுழைகிறது.

சமூக வலைத்தளப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களுக்கும் நன்றி. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், 15 வயதில் இறந்தவர், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். அவர் படத்தைப் போட்டுவிட்டு நிகழ்ச்சிச் சுவரொட்டிகளையே பதிவிட்டுக்கொண்டிருக்காமல், வருகிற கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறீர்கள். விருப்பக்குறி குறைந்திருக்கிறது. உரையாடல் கூடியிருக்கிறது.

பெற்றோருக்கு: உங்கள் பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பினீர்கள். அனுப்பாத பெற்றோர் கேட்ட கேள்விகளும் உதவின. "படிப்பு கெடாதா?" என்ற கேள்வியால்தான் தேர்வு மாதங்களில் கூட்டம் வைப்பதை நிறுத்தினோம்.

எங்களோடு வேலை செய்த பிற சமய நண்பர்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மின் இணைப்பு, ஒளிப்பதிவு, வண்டி ஓட்டுவது என்று கூடவே இருந்தார்கள். யாரும் அவர்களை மதம் மாறச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். திருஅவை வளர்வது ஆள் சேர்ப்பதால் அல்ல, ஈர்ப்பால் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் பிரேசிலின் அப்பரசீதாவில் சொன்னதைத் திருத்தந்தை பிரான்சிஸ் பலமுறை திரும்பச் சொன்னார். அந்த நண்பர்களில் ஒருவர், "நீங்கள் ஒருவர் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதைப் பார்த்தேன், அது எனக்குப் பிடித்தது" என்றார். எங்கள் உரைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நவீன மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே செவிசாய்க்கிறார் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் எழுதினார். அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். அந்த நண்பர் படிக்காமலே நிரூபித்துவிட்டார்.

பொருளுதவி செய்தவர்களின் பெயர்களை வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டீர்கள். சரி, வெளியிடவில்லை. கணக்கு மட்டும் ஆலய அறிவிப்புப் பலகையில் காலாண்டுக்கு ஒருமுறை வரும்.

அப்புறம், வெளியே வர முடியாமல் எங்களுக்காக மன்றாடியவர்கள். படுக்கையிலிருக்கும் ஒரு பாட்டி எங்கள் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். யார் புதிதாகச் சேர்ந்தாலும் பட்டியலைத் திருத்தித்தரச் சொல்லி ஆள் அனுப்புகிறார். எங்கள் உறுப்பினர் பதிவேட்டைவிட அவருடைய பட்டியல்தான் சரியாக இருக்கிறது. லிசியே நகர்ப் புனித தெரேசா 15 வயதில் கார்மெல் மடத்துக்குள் போனவர், 1897இல் 24 வயதில் காசநோயால் இறக்கும்வரை வெளியே மறைப்பணிக்குப் போகாதவர். அவரைத்தான் 1927இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், புனித பிரான்சிஸ் சவேரியாரோடு சேர்த்து மறைப்பணிகளின் பாதுகாவலர் என்று அறிவித்தார். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அவங்களுக்கு இருமல் அதிகம், எனக்கு முட்டிவலி" என்றார்.

2027 ஆகஸ்டில் சியோலில் உலக இளையோர் நாள் நடக்கவிருக்கிறது. "துணிவுடன் இருங்கள், நான் உலகின்மீது வெற்றி கொண்டுவிட்டேன்" என்பது அதன் மையச்சொல். எங்களில் சிலர் போகலாம். பெரும்பாலோர் போக முடியாது. இளைஞர்களே இளைஞர்களின் முதல் திருத்தூதர்களாக வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே, குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரின் பணி பற்றிய ஆணையில் சொல்லிவிட்டது. அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை, பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசினால் போதும்.

இன்னும் ஓர் உதவி வேண்டும். சிறு குழுக்கள் கூடிவருகின்றன, உடன்பயணிகள் போதவில்லை. இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்க முடிந்தால், பாதுகாப்புப் பயிற்சியை முடிக்கச் சம்மதித்தால், ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள். அடுத்த பயிற்சியைச் சகோதரியே நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடனும் செபத்துடனும்,
இளையோர் நற்செய்திப் பணிக்குழுவினர் சார்பில்,
உங்கள் ஒருங்கிணைப்பாளர்