கார்ட் ரோட்டுக்குத் தார் வேண்டாம், காண் வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாப் பக்கம் சைக்கிளில் வருகிறவர்கள் ஏ5, ஏ7 வீதிகளில் பஸ்ஸுக்கும் காணுக்கும் (ஓர வடிகாலுக்கும்) நடுவே ஒடுங்கி ஏறுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அந்த வீதிக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ, பல இடங்களில் அதே திசையில், ஒரு தோட்டத்து கார்ட் ரோடு போய்க்கொண்டிருக்கும். நாள் முழுக்க ஓடினாலும் அதில் எதிர்ப்படுவது நாலைந்து வாகனம்தான். வெளிநாட்டில் கோடி கோடியாகச் செலவழித்து உண்டாக்குகிற 'வாகனமில்லாக் கிரவல் பாதை' நம்மிடம் ஏற்கெனவே கிடக்கிறது. எப்படி ஓடுவது, எப்படிக் காப்பது என்பதில்தான் குழப்பம்.

ஸ்பெயினில் கைவிட்ட ரயில் பாதைகளை 1993 முதல் 'வியாஸ் வெர்தெஸ்', அதாவது பச்சை வழிகள், என்ற பெயரில் நடைக்கும் சைக்கிளுக்கும் விட்டார்கள். இன்று அவை 3,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டன. கத்தலோனியாவில் ஒலோட்டிலிருந்து ஜிரோனாவுக்கு இறங்கும் பாதை அவற்றில் ஒன்று. இத்தாலியில் டஸ்கனியின் வெள்ளைச் சரளை ரோடுகளைத் தார் விழுங்கிவிடக் கூடாது என்றுதான் 1997இல் பழைய சைக்கிள்களில் ஓடும் 'லெரோயிக்கா' ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்துக் கோடையில் மழை அபூர்வம். சுண்ணாம்புக்கல் நொறுங்கித் தானாகவே இறுகிவிடும், 38 அல்லது 40 மி.மீ. டயர் போதும். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான் முதல் தவறு.

நம்முடைய கார்ட் ரோடு செம்மண்ணில் கையால் கருங்கல் அடுக்கியது. மாட்டு வண்டி ஏறவேண்டும் என்று மலையைச் சுற்றி வளைத்து வெட்டியதால் பொதுவாக ஏற்றம் கொடூரமில்லை. ஆனால் மேல்மண் கழுவுண்ட இடத்தில் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு 45 மி.மீ. டயராவது வேண்டும். எழுபது கிலோ ஆளுக்கு, ரியூப் இல்லாத டயரானால் முன்னுக்கு 28 இறாத்தல் (psi) காற்று, பின்னுக்கு 31 அல்லது 32. ரியூப் போட்டிருந்தால் இரண்டிலும் ஆறேழு கூட்டுங்கள். குறைத்தால் கல் விளிம்பில் ரியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். 50 இறாத்தல் அடித்தால் பஞ்சர் குறையும், ஆனால் இறக்கத்தில் சில்லு கல்லுக்குக் கல் துள்ளும், பிரேக் பிடித்தாலும் தரையைப் பிடிக்காது. ரியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் பால் ஒரு சில்லுக்கு 60 முதல் 80 மி.லீ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், காய்ந்து ரப்பர் தோலாகக் கிடக்கும்.

பிரேமுக்கும் டயருக்கும் இடையில் இரு பக்கமும் ஆறு மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். 50 மி.மீ. டயர் நுழையும் பிரேமில் 45 போடுகிறவர்தான் கெட்டிக்காரர். ஈரச் செம்மண் ஒட்டிக்கொண்டே வந்து சில்லையே நிறுத்திவிடும், அந்த மண்ணை இழுத்துக்கொண்டு போய்ச் செயின் பின்பக்கக் கியர் மாற்றியை முறித்துவிடும்.

கியர் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் 34 பல், பின் 28 பல் உள்ள வீதிச் சைக்கிளில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீற்றருக்கு மேல் போயாகவேண்டும். 12 சதவீத ஏற்றத்தில் அது பந்தயக்காரரின் வேலை. முன் 30, பின் 42 என்றால் அதே மிதிக்கு ஆறுக்கும் குறைவு, உட்கார்ந்தபடியே ஏறலாம். எழுந்து நின்று மிதித்தால் பின் சில்லில் பாரம் குறைந்து கிரவலில் சும்மா சுழலும். விலை உயர்ந்த 'கிரவல் பைக்' கட்டாயம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். நம்மூரில் ஓடுகிற 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு நடுப்பகுதி வழவழப்பான 2 அங்குல டயரைப் போட்டால் முக்கால்வாசி ரோட்டுக்குப் போதும்.

பிரேக்கை அந்த அளவுக்கு லேசாக எடுக்க முடியாது. டிஸ்க் பிரேக்கில் பிசின் வகைப் பட்டைகள் மழைநாளில் மணல் கலந்த தண்ணீரில் ஒரே நீண்ட இறக்கத்தில் தேய்ந்து உலோகத்துக்கு வந்துவிடக்கூடும். உலோகத் தூள் கலந்த பட்டை சத்தம் போடும், ஆனால் தாங்கும். மலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை பிரேக்கை அரைகுறையாய்ப் பிடித்தபடியே இறங்காதீர்கள், சூடேறிப் பிடிப்புப் போகும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, விட்டுவிடுங்கள்.

கொங்கிரீட்டைக் கண்டு நிம்மதியடைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்குத்தான துண்டுகளில் லொறிச் சில்லுக்கு மட்டும் இரண்டு கொங்கிரீட் பட்டை போட்டு, நடுவில் புல் விட்டிருப்பார்கள். மண் இறங்கிப்போய்ப் பட்டையின் விளிம்பு மூன்று விரல் உயரத்துக்கு நிற்கும். அதன்மேல் சாய்வாக ஏற முயன்றால் முன் சில்லு விளிம்போடு உரசி ஆளைத் தள்ளும். மாறவேண்டுமானால் நின்று தூக்கி வையுங்கள். டர்பன்டைன் மர நிழலில் அந்தப் பட்டை பச்சைப் பாசி பிடித்திருக்கும். மழைக்குப் பிறகு அதைவிடப் பக்கத்துக் கிரவலே மேல்.

பருவம் பார்க்கத் தேயிலையைக் கேட்டால் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, டயகமைப் பக்கத் தேயிலைக்கு நல்ல குணம் வரும், காற்று உலர்ந்திருப்பதால். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது ஊவாவுக்கு மாறும். ரோடு காய்ந்திருப்பதும் அதே மாதங்களில்தான். மேற்குச் சரிவில் மே மாதத்துக்குப் பிறகு சைக்கிளை இறக்குவது வீண் பிடிவாதம். ஹப்புத்தளையில் ஜூலையில் மழை குறைவு, ஆனால் கச்சான் காற்று மலை இடுக்கில் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், வானம் வெளுத்திருந்தாலும் போகவேண்டாம்.

ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் பெக்கோ டிரெயில் நடைக்காக வகுத்தது. அதில் கார்ட் ரோடாக உள்ள துண்டுகளில் சைக்கிள் சுகமாகப் போகும், படிக்கட்டு வந்தால் தோளில்தான். கைபேசி வரைபடத்தில் கோடு தெரிகிறதென்று எல்லாவற்றையும் ரோடு என்று எண்ணக்கூடாது. பாம்புபோல் வளைந்து ஏறினால் கார்ட் ரோடு. நேராக மேலே ஏறினால் கொழுந்துக்காரர்கள் போகும் குறுக்கு.

'வாகனமில்லாத' என்று சொன்னாலும் கொழுந்து லொறி உண்டு. காலை பத்து மணியளவில், மதியம், பின்னேரம் நாலரை என்று கொழுந்து நிறுக்கும் நேரத்தையொட்டி அது வரும், தோட்டத்துக்குத் தோட்டம் நேரம் மாறும். ஹோர்ன் கேட்டால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், ஒரு கால் காணுக்குள் இறங்கினாலும் பரவாயில்லை. பள்ளப்பக்க ஓரம் புல்லால் மூடியிருக்கும், கீழே மண் இருக்கிறதா என்று தெரியாது.

தோட்டம் பொது வீதியல்ல. முதலில் கந்தோரில் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த மலையில் மருந்தடிக்கிறார்கள், எங்கே குளவிக் கூடு இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். லயத்து வாசலைக் கடக்கும்போது நடைவேகம். அந்த ரோடுதான் பிள்ளைகளின் விளையாட்டிடம், மிளகாய் காயப்போடும் பாயும் அங்கேதான் கிடக்கும்.

குளவியை அட்டையோடு சேர்த்துச் சிரித்துவிடக் கூடாது. அட்டைக்குக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்தால் முடிந்தது. மலையகத்தில் குளவி என்று பெரும்பாலும் சொல்வது பெரிய மலைத்தேனீயை, அது கொட்டி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பாறை இடுக்கிலும் உயர்ந்த மரக் கொப்பிலும் கூடு தொங்கும், காற்றோ பருந்தோ கலைத்துவிட்டால் போதும். ஒன்றிரண்டு தலையைச் சுற்றத் தொடங்கினால் கையை வீசாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு, வந்த வழியே சில நூறு மீற்றராவது விலகுங்கள். சைக்கிள் கிடக்கட்டும். கொடுக்குத் தோலில் இருந்தால் நகத்தாலாவது உடனே வழித்தெடுக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும். மூச்சு இறுகினாலோ பல இடங்களில் கொட்டியிருந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்கு.

இனி ரோட்டைப் பற்றி, பொறுப்பிலுள்ளவர்கள் காதில் விழட்டும். லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகும் ரோட்டுக்குக் காப்பெட் போடவேண்டும், அதில் மறுபேச்சில்லை. நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களிடம் கிரவலின் அழகைப் பேசுவது அநியாயம். நாம் சொல்வது மலைக்கும் மலைக்கும் இடையில் கொழுந்து லொறி மட்டும் போகிற மேல் ரோடுகளை. அவற்றுக்கு மெல்லிசாய்த் தார் ஊற்றினால் இரண்டாம் மழைக்கே பெயர்ந்து, கிரவலைவிட மோசமான குழியாகும். காரணம் தாரில் இல்லை, காணில் இருக்கிறது. மலைப்பக்கக் காண் மண்ணால் நிரம்பினால் தண்ணீர் சில்லுத் தடத்தில் ஓடும். ஒரே பெருமழையில் அரையடி அறுத்துவிடும்.

இதற்கு மருந்து பழையது. காணை அள்ளுவது ஒன்று. ரோட்டுக்குக் குறுக்கே, 30 பாகை சரிவாக, பள்ளப்பக்கம் வெளியேறும்படி ஆழமில்லாத வாய்க்கால் வெட்டுவது இன்னொன்று. 10 சதவீத ஏற்றத்தில் 30 மீற்றருக்கு ஒன்று போதும். தண்ணீர் விழுகிற வாயில் நாலு கல் அடுக்காவிட்டால் கீழே உள்ள தேயிலை வேரோடு போகும், அதை மறந்து வெட்டியதால்தான் பல தோட்டங்களில் இந்த வாய்க்காலுக்குக் கெட்ட பெயர். சைக்கிள்காரர் அதை நேர்க்குத்தாகக் கடக்கவேண்டும், வாய்க்காலின் போக்கிலேயே போனால் விழுவது உறுதி.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறு ரயில் ஓடியது. 1903இல் நுவரெலியாவுக்கும் அடுத்த ஆண்டு இராகலைக்கும் எட்டியது, 1940களில் கைவிட்டார்கள். அந்தத் தடத்தில் எவ்வளவு மீதம் என்று யாராவது அளந்து ஒரு வரைபடம் போட்டால், ஸ்பெயின்காரர்கள் செய்ததை இங்கே ஒரு துண்டிலாவது செய்து பார்க்கலாம். அதற்குக் காலம் எடுக்கும். காண் வேலைக்கு அந்தச் சாட்டு இல்லை. மேற்குப் பக்கம் ஏப்ரல் முடிவதற்குள், ஊவாவில் செப்டெம்பர் முடிவதற்குள் வெட்டிவிடவேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டிகள் சிலர்,
பண்டாரவளை.