சேமிப்பை எல்லாம் நிலத்தில் போட்டுவிடாதே

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று உன் மனைவி என் தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டாராம், நியாயமான குறைதான். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் பட்டறை தொடங்கக் குன்றத்தூர்ப் பக்கம் இரண்டு கிரவுண்டு வாங்கி, சேமிப்பு முழுவதையும் அதில் போட்டுவிட்டு, எந்திரங்களுக்குக் கடன் வாங்கப் போவதாக நீ எழுதியிருந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. உன் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் எங்கள் பின் தெருப் பட்டறையிலிருந்து வங்கிக்காரர்கள் சிஎன்சி எந்திரத்தை, அதாவது கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் எந்திரத்தை, கழற்றி, கிரேன் வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பட்டறைக்காரரிடம் ஆர்டர் இருந்தது, நல்ல ஆட்களும் இருந்தார்கள், சொந்த இடமும் இருந்தது. மூலப்பொருளான உலோக ராடு வாங்கவும் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும்தான் பணம் இல்லை. இடத்தின் மதிப்பு கடனைவிட அதிகம் என்றாலும், அதிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விற்று அந்த வாரத்துக் கூலியைக் கொடுக்க முடியாதல்லவா?

அன்று பொருளாதார வகுப்பில் நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு என்று உற்பத்திக் காரணிகள் நான்கையும் கரும்பலகையில் எழுதி, எதிரே வாரம் (நிலத்துக்குக் கிடைக்கும் வாடகை), கூலி, வட்டி, இலாபம் என்று எழுதிக் கோடு போட்டு இணைக்கச் சொன்னால் எப்போதும் முதலில் எழுந்து போகிறவன் நீதான். உன் கோடு தவறான பக்கம் போனதை நம் வகுப்புத் தோழன் குண்டன் இன்னும் மறக்கவில்லை. போகட்டும். அன்று மனப்பாடம் செய்த அந்த நான்கும் தொழிலில் ஒன்றின் பங்கை ஒன்று தின்றுவிடக்கூடியவை என்பதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். நிலத்தில் போட்ட பணம் அன்றோடு மூலதனமாக ஓடுவதை நிறுத்திவிடுகிறது. தானியத்தின் விலை உயர்வதால்தான் நில வாரம் உயர்கிறதே தவிர, நில வாரம் உயர்வதால் தானிய விலை உயர்வதில்லை என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-இல் எழுதினார். நம் கணக்கும் அதுதான்: உன் இடத்தின் விலை எவ்வளவு என்று பார்த்து எந்தக் கம்பெனியும் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்குத் தரும் கூலியை, கூட்டிக் கொடுக்காது. பக்கத்து வாடகை ஷெட்காரருக்கு என்ன விலையோ, அதுதான் உனக்கும்.

கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை அமைத்தபோது அரசே ஷெட் கட்டிக் கொடுத்ததன் காரணத்தை யோசித்துப் பார். சிறுதொழில் செய்ய வருகிறவர் கையிலிருக்கும் பணத்தை மண்ணிலும் சுவரிலும் முடக்காமல் எந்திரத்திலும் சரக்கிலும் போட வேண்டும் என்பதுதானே? எந்திரத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். நிலத்துக்கு அதுவும் கிடையாது.

அன்றாடச் செலவுக்கு வேண்டிய நடைமுறை மூலதனத்தை நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்குப் பெரும் கவலை அதுதான். இன்று பில் போட்டால், பணம் கைக்கு வருகிறதோ இல்லையோ, மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வட்டியைக் கேட்டு எழுதினால் அடுத்த ஆர்டர் வருமா என்று அஞ்சாத ஜாப் ஒர்க்காரர் (பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தருகிறவர்) யாரையும் நான் இந்தப் பேட்டையில் பார்த்ததில்லை. ஆகவே குறைந்தது மூன்று மாதச் சம்பளமும் மூலப்பொருள் செலவும் கையில் இல்லாமல் தொடங்காதே.

உழைப்பையும் நீ தலைக்கணக்காக எழுதியிருக்கிறாய்: 'ஆறு பேர்'. எந்திரத்தை வேலைக்கு அமைத்துக் கொடுக்கும் எங்கள் செட்டர் எந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருக்கும்போதே, சத்தம் மாறியதைக் கேட்டு, உலோகத்தை வெட்டும் இன்சர்ட் முனை மழுங்கிவிட்டதென்று ஓட்டத்தை நிறுத்துவார். அந்த நிமிடத்தில் நிறுத்தாவிட்டால் வரிசையாகப் பீஸ்கள் அளவு தப்பி ரிஜெக்ட் ஆகும். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சம்பளம் உன் கடன் வட்டியில் பெரும்பகுதியை மீட்டுத் தரும். அவர் குன்றத்தூருக்கு அப்பால் பேருந்து மாறி வருவாரா என்பதையும் இடம் பார்க்கும்போதே கேட்டுக்கொள்.

நான்காவதான அமைப்பில், அதாவது தொழிலை ஒழுங்குபடுத்தி நடத்துவதில், எனக்குக் கவலையே இல்லை. அமைப்பைத் தனியொரு காரணியாக எண்ணலாம் என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் மார்ஷல் 1890-இல் எழுதியது உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் என்று தோன்றும். அத்தனை ஒழுங்கு உனக்கு. அந்த ஒழுங்கை வங்கிக்கு விளக்கம் எழுதுவதில் நீ செலவழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எங்கள் வரிசையில் ஒரு ஷெட் வாடகைக்கு வருகிறது. மின் இணைப்பு இருக்கிறது, எந்திரம் நிறுத்தும் அளவுக்குத் தரையும் உறுதியானது. உரிமையாளரிடம் உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். குன்றத்தூர் இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பதில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்