தேங்காய் போகும், கறிவேப்பிலை போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். போர்டில்தான் ஜெராக்ஸ். பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா படிவம், போட்டோ, டிக்கெட் பிரிண்ட் எல்லாமே பார்க்கிறேன். பிரான்ஸ் போகிறவர்கள், வளைகுடா போகிறவர்கள், அங்கிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்று தினமும் யாராவது படியேறுவார்கள். ஊருக்கெல்லாம் ‘அந்தப் பேப்பர் எடுத்துக்கிட்டீங்களா, இந்தப் பேப்பர் எடுத்துக்கிட்டீங்களா’ என்று கேட்கிற நான், என் வீட்டுக் கல்யாணத்திலேயே கோட்டை விட்டேன்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கும் என் பெரியப்பா மகளின் பையன்தான் அண்ணன் முறைக்குப் பொரி போடுவதாகப் பேச்சு. அவன் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறான். இப்போது தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். திங்கட்கிழமை கயேன் நகரத்தில் விமானம் ஏறி, பாரிஸில் மாறி, புதன்கிழமை சென்னையில் இறங்கிவிட்டான். பாஸ்போர்ட் இருந்தது, விசா இருந்தது, மாப்பிள்ளைக்குப் போட மோதிரமும் இருந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிப் புத்தகம் மட்டும் இல்லை. ஊசி போட்டுக்கொள்ளாதவன் இல்லை; அது இல்லாமல் கயானாவுக்குள்ளேயே விடமாட்டார்கள். புத்தகம் முகாமில் அவன் அலமாரிக்குள் இருந்தது. அறைத்தோழன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அசல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாள் ஆகுமுன் இந்தியாவுக்கு வருபவர் கையில் அந்தச் சான்று இல்லையென்றால், அந்த ஆறு நாள் முடியும் வரை தனியாக வைத்திருப்பார்கள். அவனை விட்டது ஞாயிறு சாயங்காலம். பொரியை எதிர்வீட்டுப் பையன் போட்டான். முன்கூட்டியே வந்திருந்த அக்கா, மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடித்து மகனுக்குத் தாலி கட்டுவதைக் காட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் நடுங்கி, அவன் பார்த்தது பாதி மேளக்காரர் முதுகுதான்.

அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு, அதாவது நமக்கு டெங்கு கொடுக்கிற அதே கொசு. என் கடைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் டிரம்மிலேயே அது குடும்பம் நடத்துகிறது. இந்த ஊரில் யாருக்கும் அந்த நோய் வந்ததில்லை, அதனால் எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. கொசு தயாராக உட்கார்ந்திருக்கிறது, நோய்தான் இன்னும் வரவில்லை. ஒருத்தர் உடம்பில் ஏறி வந்தால் போதும். ஆறு நாள் என்பதற்கும் காரணம் இருக்கிறது: நோய் ஒட்டியிருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். அவன் மட்டும் ஒரு வாரம் முன்னால் கிளம்பி, சார்செலில் அம்மா வீட்டில் தூங்கிவிட்டு வந்திருந்தால் புத்தகமே தேவைப்பட்டிருக்காது. இதை அவனுக்கு யார் சொன்னார்கள்? விசா கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்து, டிக்கெட் போட்டுவிட்டு, புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை 11 முதல் அதுதான் விதி. பழைய புத்தகத்தில் பத்து வருடம் என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம்.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்த என் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா போடவில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள், ஒரே குழம்புதான். இன்றைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போக விசா வாங்க வேண்டும், அவள் மகன் என் வீட்டுக்கு வர விசா வாங்க வேண்டும். அக்காவுக்கு மட்டும் ஓசிஐ, அதாவது இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோகும் அட்டை இருக்கிறது. ஓசி என்று பேர் இருக்கிறதே தவிர, வெளிநாட்டில் விண்ணப்பித்தால் 275 டாலர். அவள் பையனுக்கு அதுவும் கிடையாது. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும், இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ தருவதில்லை. வீட்டுக்கு வீடு சொல்தா இருந்த ஊரில் இது பலருக்கு இன்னும் தெரியாது. விண்ணப்பத்தை நிரப்பும்போது என் மேஜையில்தான் முகம் வாடும்.

நான் பிரான்ஸ் போன கதைக்கு வருகிறேன். 2024 கடைசியில் போனேன். உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அந்த ஊர் நகராட்சி, மேரி என்பார்கள், அங்கே ஒரு வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். அக்கா 30 யூரோ கட்டி வாங்கினாள். வாங்கி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிட்டாள். விசா மையத்தில் அசலைக் கேட்டார்கள். அசல் கூரியரில் வந்து சேர, புது நாள் குறிக்க, மூன்று வாரம் போயிற்று. (எங்கள் குடும்பத்துக்கே அசலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஆகாது போலிருக்கிறது.) அந்தச் சான்று இருந்தால் கைச்செலவுக்கு ஒரு நாளைக்கு 32.50 யூரோ கணக்குக் காட்டினால் போதும். சான்றும் இல்லை, ஓட்டல் பதிவும் இல்லை என்றால் 120 யூரோ. விசா கட்டணம் அந்த வருடம் ஜூனில்தான் 80 யூரோவிலிருந்து 90 ஆகியிருந்தது. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. இதையெல்லாம் நான் கரைத்துக் குடித்திருந்தேன். பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டில் உருக்கிய நெய் அரை லிட்டர், ஒரு டப்பா பால்கோவா, பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வஞ்சிரம் கருவாடு ஒரு கிலோ, இரண்டு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், எங்கள் கொல்லைக் கறிவேப்பிலை ஒரு கட்டு. கருவாட்டை நினைத்துத்தான் பயம். ஐந்து பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் பழைய புடவை, அதற்கு மேல் டால்கம் பவுடர் தூவியிருந்தேன். பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு சுங்கப் பெண் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். பவுடர் பறந்தது. ஒவ்வொரு உறையாகப் பிரித்தார். நாலாவது உறையிலேயே வாசனை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘புவாஸ்ஸோன்?’ என்றார். மீன்தான் என்று தலையாட்டினேன். மறுபடி சுற்றி, பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்! நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் நெய் போயிற்று, பால்கோவா போயிற்று. கறிவேப்பிலைக் கட்டை விரித்து, ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு அதையும் தொட்டியில் போட்டார். தேங்காயும் வாழைப்பழமும் தப்பின.

அக்கா வீட்டில்தான் விவரம் புரிந்தது. அங்கே பயணி கையில் மீன் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். பாலும் இறைச்சியும், அவற்றில் செய்ததும் கூடாது. கோமாரி மாதிரி கால்நடை நோய் வந்துவிடும் என்று பயம். மாடு வைத்திருக்கிற பாகூர்க்காரர்களிடம் கேட்டால் அந்தப் பயம் நியாயம் என்பார்கள். 2019 டிசம்பர் 14-லிருந்து பழம், காய், பூ, இலை எதற்கும் பயிர்நலச் சான்று வேண்டும். விதிவிலக்கு ஐந்தே ஐந்து: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியன். கறிவேப்பிலை என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போக வைக்கும் நோயைத் தூக்கிக்கொண்டு திரியும் ஒரு சின்னப் பூச்சி அதில் வாழுமாம். சரி, அவர்கள் தோட்டம், அவர்கள் கவலை. ஆனால் வாழைப்பழத்துக்கும் கறிவேப்பிலைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம் ஊரில் எந்தச் சுவரிலாவது தமிழில் எழுதி வைத்திருக்கிறார்களா?

கறிவேப்பிலை போனால் போகிறது, தொட்டியோடு முடிந்தது. கசகசா அப்படியில்லை. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் துபாய் போக டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தான். கூட அம்மா. பையில் என்னம்மா என்று பேச்சுக்குக் கேட்டேன். ‘குருமாவுக்கு மசாலா சாமான், கசகசா கால் கிலோ’ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும். சிங்கப்பூரிலும் தடைதான். அந்த அம்மா சிரித்தார். பாயசத்தில் போடுவதைப் போய் போதை என்கிறாயே என்ற சிரிப்பு. கூகுளில் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். அந்தக் கால் கிலோ இன்னும் என் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்தும் இதே கதைதான். டிராமடால், கோடீன் கலந்தவற்றை டாக்டர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், உள்ளேயும் உட்கார வேண்டும்.

ஈசிஆர் குழப்பம் தனி. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று போடுவார்கள். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். காலாப்பட்டுக்காரர் ஒருவர், தன் வீடு ஈசிஆர் ரோட்டில் இருப்பதால் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிறவர்கள் கேட்பதெல்லாம் நகையைப் பற்றித்தான். சுங்க வரி இல்லாமல் கொண்டுவரப் பெண்களுக்கு 40 கிராம், அதாவது ஐந்து பவுன், ஆண்களுக்கு 20 கிராம். இது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவர்களுக்கு. பத்து நாள் துபாய் சுற்றிவிட்டு ஐந்து பவுன் சங்கிலியோடு, சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்து வந்தால் நிறுத்தத்தான் செய்வார்கள். இன்னொன்று, பிரான்ஸில் பிறந்த பிள்ளைகள் இந்திய விசாவுக்கு ஏதோ ஒரு தளத்தில் இரட்டிப்புப் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும். முடியவில்லையென்றால் அட்டை எண்ணைத் தட்டாதீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு தாள், தமிழில். ஒரு பக்கம் போகிறவர்களுக்கு, மறுபக்கம் வருகிறவர்களுக்கு. சுகாதாரத் துறை, சுற்றுலாத் துறை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து, விவரம் சரிபார்த்து, எந்தத் தேதி நிலவரம் என்று மேலே போட்டுத் தரட்டும். விதி மாறிக்கொண்டே இருக்கும், தேதி இல்லாத தாள் ஆபத்து. பாஸ்போர்ட் அலுவலகத்திலும், சென்னைப் பேருந்துகள் கிளம்பும் நடைமேடையிலும் ஒட்டலாம். உங்கள் இதழிலும் மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கினால் பிரான்ஸில் இருப்பவர்கள்கூட இணையத்தில் படித்துக்கொள்வார்கள். முதல் ஆயிரம் பிரதிக்குத் தாளும் மையும் என் செலவு.

அதுவரைக்கும் என் கடைக் கண்ணாடியில் நானே கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதல் வரி மஞ்சள் புத்தகம். இரண்டாவது வரி கசகசா. மூன்றாவது வரியைப் படித்துவிட்டு, ‘கருவாடு போகுமாக்கா, நிஜமாவா?’ என்று தினமும் ஒருவராவது உள்ளே வருகிறார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரம்மா,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

(பெயர் போட வேண்டாம். சம்பந்தி வீட்டில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.)