நிலாவரையின் அடியில் உப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வானரப் படையின் தாகத்துக்கு இராமர் அம்பு விட்ட கதையும், அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் கதையும் அதில் இருந்தன. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் சின்ன வயதில் சைக்கிளில் போய்த் தேசிக்காய் போட்டவன்தான். (ஒரு தேசிக்காய் எப்படி நிலத்துக்குக் கீழால் அவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.) ஆனால் கட்டுரையின் கடைசியில், இப்படி வற்றாத ஊற்றுக் காலடியில் இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் ஏன் தண்ணீர்ப் பஞ்சம் என்று கேட்டிருந்தார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நிலாவரை வற்றாது, சரி. மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். கட்டுரையில் விடுபட்டது இதுதான்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழைதான் எங்களுக்கு முதல். அது செம்பாட்டு மண்ணுக்குள்ளால் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லுக்குப் போகிறது. போகிற வழியில் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கரைந்த கல் எங்கே என்று தேட வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் பார்க்கலாம். தண்ணீர் கொதிக்கும்போது அடியில் பிடிக்கிற அந்த வெள்ளைப் பொருக்கு எங்கள் காணிக்குக் கீழே இருந்த பாறைதான். இப்படி ஆயிரமாயிரம் வருடங்கள் கரைந்து வெடிப்புகள் குகைகளாகி, ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் நிலாவரை. தேசிக்காய் போகாவிட்டாலும் தண்ணீர் நிலத்துக்குக் கீழால் கடல் பக்கம் போவது உண்மை. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் வருகிறதே.

சுற்றிவரக் கடலும் களப்பும் இருப்பதால் இந்தக் கல்லுக்குள் கடல்நீரும் ஊறி நிற்கிறது. மழைத் தண்ணீர் அதற்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு லீற்றர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் எங்கள் வெங்காயமும் புகையிலையும் நிற்கின்றன. ஆயிரத்தை 25ஆல் பிரித்தால் 40 வரும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் கடல்நீரை அமுக்கிக்கொண்டு நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்துக்காரரான பேடன் கைபெனும், 1901இல் ஜேர்மன்காரரான ஹெர்ஸ்பேர்க்கும் தங்கள் கடற்கரைகளைப் பார்த்துத் தனித்தனியே எழுதிய கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வரும். இறைத்து இறைத்து மேலே அரை அடி குறைந்தால், கீழே 20 அடி நல்ல தண்ணீர் போய், அந்த இடத்துக்கு உப்பு ஏறிவிடும். ஒரே நாளில் போகாது, உப்பு மெதுவாகத்தான் ஏறும். ஏறினால் இறங்குவது அதைவிட மெதுவாக.

இதை நான் படித்து அறிந்தவன் இல்லை, கெடுத்து அறிந்தவன். 2017 வரட்சியில் அச்சுவேலிப் பக்கம் தங்கச்சி வீட்டுக் கிணறு அடியோடு போய்விட்டது. "அண்ணை, என்ன செய்வம்?" என்று மச்சான் கேட்டார். "ஆழத்திலைதான் நல்ல ஊத்து இருக்கும், குழாய் இறக்கும்" என்று பெரிய மனிதன்போலச் சொன்னவன் நான். இறக்கினார்கள். தண்ணீர் பீறிட்டு வந்தது. எனக்கும் பெருமை. மூன்றாம் கிழமை வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கியது. நோய் என்று நினைத்து மருந்து அடித்தோம். அதற்குப் பிறகு ஒருநாள் தங்கச்சி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சவர்.

துலாவில் இறைத்த காலத்தில் இந்தப் பிழையைச் செய்ய வசதி இருக்கவில்லை. துலா மிதிப்பவருக்குக் கால் ஓயும், பட்டை பிடிப்பவருக்குக் கை ஓயும், அதற்குள் கிணறும் ஊறிவிடும். பம்ப் ஓயாது.

பேத்திக்கு இதை ஒரு கிளாஸில் காட்டினேன். ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்புக் கரைத்தால் கிட்டத்தட்டக் கடல்நீர். அதில் பீற்றூட் சாறு கொஞ்சம் விட்டுச் சிவப்பாக்கிக் கிளாஸில் பாதிக்கு நிரப்பினேன். அதன் மேலே கரண்டியின் முதுகில் படும்படி நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் கலந்துவிடும், எனக்கு இரண்டு தரம் கலந்தது. மூன்றாம் தரம் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று அழகாகப் பிரிந்து நின்றது. சிவப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி ஸ்ட்ரோவைப் பிடித்து, மெல்ல உறிஞ்சச் சொன்னேன். நல்ல தண்ணீர் வந்தது. பிறகு பலமாக உறிஞ்சச் சொன்னேன். சிவப்பு ஒரு சின்னக் கூம்புபோலக் குழாயின் வாய்க்கு எழும்பியது. பிள்ளை துப்பிவிட்டு என்னைப் பேசினாள். அச்சுவேலியில் நடந்ததும் இதே கூம்புதான்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாரியில் எங்கெங்கே எத்தனை மில்லிமீற்றர் மழை என்று போடுகிறீர்கள். கோடையில் ஊருக்கொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் மாதம் ஒருமுறை போடலாமே. செலவில்லாத வேலை. அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு போதும், இறைக்க முதல் விடியப்புறம் அளக்க வேண்டும். நீர்வேலியில் எங்கள் கிணற்றில் இந்த வருடம் தை மாதம் கட்டிலிருந்து 11 அடியில் நின்ற தண்ணீர் புரட்டாதியில் 16 அடிக்குப் போய்விட்டது. கிணற்றுக் கட்டு கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று நில அளவையாளர் ஒருவர் ஒரே ஒருமுறை குறித்துத் தந்தால், மேலே எத்தனை அடி மிச்சம் என்பதை நாங்களே கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

மச்சான் அந்தக் குழாயை அடைத்துவிட்டுப் பழைய கிணற்றிலேயே அளவாக இறைக்கிறார். இரண்டு மாரி கழிந்த பிறகு வெங்காயம் பிழையில்லாமல் வந்தது. பிளேன்ரீயில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது என்று தங்கச்சி சொல்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நீர்வேலி.