புதிய அரங்கம் எழும் முன் பழைய படங்களுக்குப் பெயர் எழுதுங்கள்

சிலாங்கூர் காற்பந்துக் கிளப் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

ஷா ஆலாம் அரங்கத்தை இடித்தாகிவிட்டது. அதே இடத்தில் புதிய அரங்கம் வரப்போகிறது. அங்கே நம் கிளப்பின் வரலாற்றுக்கென்று ஒரு சுவராவது, ஓர் அறையாவது இருக்கும் என்று நம்புகிறேன். 33 முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு இது. முதல் வெற்றி 1922-இல். காட்டுவதற்கு நம்மிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரில் மாட்ட வேண்டிய படங்களில் பல உங்கள் அலுவலகத்தில் இருக்காது. கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் ரவாங்கிலும் வீட்டு அலமாரிகளில், பிஸ்கட் டின்களில், திருமண ஆல்பங்களின் கடைசிப் பக்கங்களில் கிடக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

தீபாவளித் திறந்த இல்ல விருந்தில் எங்கள் பகுதிப் பெரியவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், முறுக்குத் தட்டு ஒரு பக்கம் போகும், பழைய படங்கள் மேசைக்கு வரும். அப்புறம் வாக்குவாதம்தான். "இது 78", "இல்லை, 79". வெளியாளுக்கு இது வயதானவர்களின் வீண் பேச்சாகத் தெரியலாம். ஆனால் அந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 1975 முதல் 1981 வரை ஏழு மலேசியக் கிண்ண இறுதியாட்டங்களில் ஆறில் நாமும் சிங்கப்பூரும்தான் மோதினோம். 1977-இல் மட்டும் நம் இடத்தில் பினாங்கு. அதே எதிரணி, கோலாலம்பூரில் அதே மெர்டேக்கா அரங்கம், கிட்டத்தட்ட அதே முகங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் தேதி எழுதாமல் விட்டால், ஆறில் எந்த ஆட்டம் என்று எந்த நிபுணர் வந்து சொல்வார்?

அன்று அங்கே நின்றவர் சொல்வார். "சந்தோக் சிங் அன்றைக்குத் தலைமுடியை வெட்டியிருந்தான், பார்" என்பார் ஒருவர். "மழை பெய்து திடல் சேறாகிவிட்டது, காலுறையைப் பாருங்கள்" என்பார் இன்னொருவர். விளம்பரப் பலகையில் தெரியும் பெயரை வைத்தே இது அந்தக் காலத்துப் படமாக இருக்க வாய்ப்பில்லை என்று உடனே ஒதுக்கி வைப்பார்கள். பெரிய வளைவுக் கூரை தெரிந்தால் ஷா ஆலாம், அதாவது 1994 அல்லது அதற்குப் பிறகு. படங்களுக்கு வயது கண்டுபிடிக்க இவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆண்டுக்கணக்காக ஒரே குழுவைப் பார்த்த கண்களுக்குத் தானாக வந்த அறிவு அது. அதை எந்தக் கணினியிலும் நாம் இன்னும் ஏற்றி வைக்கவில்லை.

மெர்டேக்கா அரங்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1957-இல் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்ட இடம் என்பதால் அதை அந்தக் காலத் தோற்றத்துக்கே மீட்டெடுத்தார்கள். நல்ல காரியம்தான், யுனெஸ்கோவின் மரபுரிமை விருதும் கிடைத்தது. ஆனால் கூட்டம் பெருகியபோது பின்னாளில் கட்டிய மேல்படிகள் அப்போது அகற்றப்பட்டன. எங்கள் அப்பாக்கள் நின்று தொண்டை வறளக் கத்திய படிகள் அவை. இன்று அந்தப் படிகளைப் பார்க்க வேண்டுமென்றால் படங்களில் மட்டுமே பார்க்க முடியும். ஷா ஆலாமும் இப்போது அந்த நிலைக்கு வந்துவிட்டது. 1994 இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 4-0 என்று பகாங்கை வென்றது அங்கேதான். அன்று சிங்கப்பூருக்காகக் கத்தியவர்களின் படங்களும்கூட நம் அரங்கத்தின் கதைதான்.

ஆகவே படங்களைச் சேகரிக்கும்போது கூட்டத்தை வெட்டிவிடாதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். நம் முன்கள வீரர் மொக்தார் டஹாரி பந்தை உதைக்கும் படத்தில் அவர் மட்டும் தெரிந்தால் போதும் என்று ஓரங்களை வெட்டி எறிவது வழக்கமாகிவிட்டது. அந்த ஓரத்தில்தான் ரப்பர் தோட்டத்திலிருந்து லாரி ஏறி வந்த பால்வெட்டுத் தொழிலாளி இருப்பார். அவர் தோளில் அவருடைய மகன் இருப்பான். 1975-இல் இங்கிலாந்தின் ஆர்சனலை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் மொக்தார் போட்டார் என்பதைப் புத்தகங்கள் சொல்லும். அன்று அதைப் பார்த்துத் துள்ளியவர் எந்தத் தோட்டத்துக்காரர் என்பதை அந்த ஓரம்தான் சொல்லும்.

ஆர். ஆறுமுகத்தின் படங்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடியாது. ஸ்பைடர்மேன் என்று நாடே அழைத்த கோல்காவலர். 1980 ஏப்ரலில் மெர்டேக்காவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசியக் குழு அவர் காலத்தது. நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த வீரர்கள் மாஸ்கோ போகவே இல்லை. எட்டு ஆண்டுகளில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். எங்கள் பக்கத்துத் தோட்ட லயங்களில், தமிழ் நேசன் நாளிதழிலிருந்து கத்தரித்த அவர் படம் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் பாய்ந்து, கை முழுதும் நீண்டு, விரல் நுனியில் பந்து. இன்று லயங்கள் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தமிழ் நேசனும் 2019-இல் நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது யார் யாரோ எடுத்து வைத்த அந்தக் கத்தரிப்புகள்தான். அவற்றின் கீழே இருக்கும் தமிழ் வரிகளையும் சேர்த்து எடுங்கள். சீன நாளிதழ்களில் வந்தவற்றுக்கும் மலாய் நாளிதழ்களில் வந்தவற்றுக்கும் அப்படியே செய்யுங்கள். நம் கூட்டம் எல்லா மொழியிலும்தான் கத்தியது.

தோற்ற ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். 1980 இறுதியாட்டத்தில் சிங்கப்பூரின் இளம் ஃபாண்டி அகமட் போட்ட கோலில் 1-2 என்று தோற்றோம். அந்த இரவின் படங்களை வெளியே எடுக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. மறு ஆண்டு 4-0 என்று சிங்கப்பூரை வென்றது ஏன் அவ்வளவு இனித்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால் 1980-இன் முகங்களைக் காட்டியே ஆக வேண்டும். 1967 படங்கள் யாரிடமாவது இருந்தால் அவற்றுக்கும் இதே மரியாதை வேண்டும். ஆசியக் கிளப் போட்டியின் இறுதி வரை போய் இஸ்ரேலின் ஹப்போயல் டெல் அவிவிடம் தோற்ற குழு நம்முடையது. இதைச் சொன்னால் இருபது வயது ரசிகர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஊராக, சமூக மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசை போடுங்கள். ஒரு ஸ்கேனர், அதை இயக்கத் தெரிந்த ஓர் இளைஞர், பேசுவதைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசி. படத்தை அங்கேயே படியெடுத்து, அசலை அன்றே உரியவர் கையில் திருப்பிக் கொடுங்கள். "கொடுத்துவிட்டுப் போங்கள், பிறகு அனுப்புகிறோம்" என்று சொன்னால் ஒருவரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. கண்காட்சிக்கென்று வாங்கிப் போன படம் திரும்பி வராத வீடுகள் எங்கள் பகுதியிலேயே இருக்கின்றன. நாளிதழ்கள் எடுத்த படங்களுக்கு அந்தந்த நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதை நீங்கள்தான் செய்ய முடியும், தனி ஆட்களால் முடியாது.

படங்களுக்குக் கணினியில் வண்ணம் பூச வேண்டாம். செயற்கை நுண்ணறிவு சிவப்பு மஞ்சள் சட்டைக்கு ஏதோ ஒரு சிவப்பை ஊகித்துப் பூசும், தெளிவில்லாத முகத்துக்குப் புதிதாக ஒரு மூக்கு வைக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த மனிதர் இல்லை அது. மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். கீழே பெயர் சரியாக இருந்தால் போதும்.

பெயர் என்று சொல்லும்போது சோ சின் ஆன், சந்தோக் சிங், கே. ராஜகோபால் போன்றவர்களை மட்டும் சொல்லவில்லை. அவர்களை எல்லாரும் அடையாளம் காட்டிவிடுவார்கள். 2010-இல் ஆசியான் கிண்ணம் வென்ற தேசியக் குழுவுக்குப் பயிற்சியாளராக இருந்த ராஜகோபாலை யாருக்குத் தெரியாது? குழுப் படத்தின் ஓரத்தில் துண்டோடு நிற்பவர், பந்து மூட்டையைத் தூக்கி வந்தவர், திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர், ஒரு பருவம் மட்டும் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்துவிட்டுப் போன பையன், இவர்களுடைய பெயர்கள்தான் முதலில் அழியும். மொக்தார் 37 வயதில் போனார். அவருக்கு நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பலருக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.

எங்கள் பகுதிப் பெரியவர்களைக் கூட்டுவதும், மண்டபம் பிடிப்பதும், தேநீருக்கு ஏற்பாடு செய்வதும் எங்கள் பொறுப்பு. நீங்கள் ஆள் அனுப்பினால் போதும். எழுபதைத் தாண்டியவர்களின் வீடுகளிலிருந்து ஆரம்பியுங்கள், நடக்க முடியாதவர்களிடம் ஸ்கேனரையே எடுத்துப் போங்கள். அரங்கம் கட்டி முடியும் வரை இதைத் தள்ளிப் போட வேண்டாம். முதல் ஞாயிறு எது என்று மட்டும் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு சிவப்பு மஞ்சள் ரசிகர்