மாமா கேட்ட பேஸ் ஆம்ப்

பர்மிங்காம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே நலம். அத்தை, அமுச்சி, மாப்பிள்ளை எல்லோரும் சுகம்தானுங்களா? அமுச்சியின் கால் வலியைப் பற்றி அம்மா மூச்சே விடுவதில்லை. நீங்களாவது எழுதுங்கள்.

மாப்பிள்ளையின் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பழைய பேஸ் ஆம்ப் (பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். போனில் பாதி கேட்டதுமே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை பார்க்கிற கடையில் பேஸ் கிட்டாருக்கான ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றுகிற பெடல் எல்லாமே ஒருவர் வாசித்துவிட்டு விற்றவைதான். கண்ணபுரம் சந்தையில் காளையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல வாங்க வருகிறவர்கள் துருவுவார்கள். குமிழைத் திருகிக் கரகரப்பு வருகிறதா என்று கேட்பார்கள். தடித்த கம்பியைத் தட்டிவிட்டுப் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கம்பி நொடிக்கு வெறும் 41 முறைதான் அதிரும் (41 ஹெர்ட்ஸ்), அவ்வளவு கனத்த சத்தம். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் துண்டுக்குள் விரலைப் பிடிக்கிற வேலை இங்கே கிடையாது. குறையை முதலாளியே அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறார்: "கைப்பிடி மாற்றியது, இரண்டாவது குமிழ் கரகரக்கும்." இப்படி எழுதினால் எவன் வாங்குவான் என்று நினைத்தேன். அந்த அட்டை தொங்குகிற பொருள்தான் பேரமே இல்லாமல் போகிறது. நம் ஊர் பழைய செட் வியாபாரிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். பெடலுக்கு இன்னொரு கூத்து: அது வந்த அட்டைப்பெட்டி இருந்தால் விலை ஏறும், அடியில் வெல்க்ரோ ஒட்டியிருந்தால் இறங்கும்.

நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுகிற சேதி ஒன்று. இந்த ஊர்க்காரர்கள் கொண்டாடுகிற டிரேஸ் எலியட் ஆம்ப் பிறந்ததே மைக் செட் வாடகைக் கடையில்தான். எஸெக்ஸ் பக்கம் ஒரு இசைக்கருவிக் கடைக்காரர்கள் உள்ளூர்க் குழுக்களுக்கு மைக் செட் கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பேஸ் வாசிக்கிறவர்கள் அதையே தங்கள் கிட்டாருக்கு வாங்கிப்போவதைப் பார்த்து, 1979 வாக்கில் பேஸுக்கென்றே ஆம்ப் செய்யத் தொடங்கினார்கள். நம் தொழில்தானுங்க மாமா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஆசைப்படுவது ஆம்பெக் எஸ்விடி என்கிற வால்வு ஆம்ப். 1969இல் வந்தது, 300 வாட், மொத்தம் 14 வால்வு. ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப் பகுதி (தலை) மட்டும் 40 கிலோ அளவுக்கு இருக்கும். பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த அதன் பெட்டியை இங்கே ஃபிரிட்ஜ் என்றே சொல்கிறார்கள், அது 60 கிலோவுக்கு மேல். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாமல் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்கெஸ்ட்ராப் பையன்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டா இருக்கப்போகிறார்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சிலது 120 வோல்ட் வேறு. நம் கரண்டில் சொருகினால் அன்றைக்கே புகைதான்.

உங்களிடம் 18 அங்குலப் பெட்டிகள் சும்மா நிற்கும்போது ஆம்ப் எதற்கு? சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் என்று உள்ளங்கை அகலப் பெடல் ஒன்று இருக்கிறது. கிட்டாரை அதில் சொருகி, அதிலிருந்து மைக் ஒயரை நேராக மிக்ஸருக்குக் கொடுத்தால் வால்வு ஆம்ப் சாயலில் சத்தம் வரும். கைப்பையிலேயே கொண்டுவந்துவிடலாம். ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்த ஒன்று கடைக்கு வந்திருக்கிறது, முதலாளியிடம் சொல்லி எடுத்து வைத்திருக்கிறேன்.

மிக்ஸரில் மைக் ஒயர் வழியாகவே கரண்ட் கொடுக்கிற 48 வோல்ட் பட்டன் இருந்தால் பெடல் அதிலேயே ஓடும். இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் 9 வோல்ட் அடாப்டர் ஒன்றை ஈரோட்டிலேயே வாங்கிவிடுங்கள். நடுவில் மைனஸ் வருகிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும். கைக்குக் கிடைத்த அடாப்டரை மாட்ட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்