முருங்கை விதை பாதி வேலைதான் செய்யும்

பினாங்கு, செபராங் பிறை கோயில் நிர்வாகத்தினருக்கும் கிராம நிர்வாக மன்றத்தினருக்கும்,

வணக்கம். 2017 நவம்பர் வெள்ளம், 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது வந்த தண்ணீர் வெட்டு என்று நெருக்கடி வந்த நேரங்களில் தண்ணீரைச் சுத்தமாக்கும் நம் பழைய முறைகள் பேச்சுக்கு வருகின்றன. நல்லதுதான். ஆனால் "முருங்கை விதை போட்டால் போதும், காய்ச்ச வேண்டாம்" என்ற குறிப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள்.

விதை செய்வது தெளிய வைக்கும் வேலை. அதிலுள்ள புரதம் நீரில் மிதக்கும் மண்துகளைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்கும். கிருமியில் பெரும்பகுதியும் கூடவே இறங்கும். மிச்சம் உயிரோடு இருக்கும்.

சாம்பாருக்குப் பறிக்கும் பச்சைக்காய் இதற்கு உதவாது. மரத்திலேயே காய்ந்த நெற்று வேண்டும். விதையின் இறகையும் தோலையும் நீக்கினால் வெள்ளைப் பருப்பு வரும், கறுத்திருந்தால் எறிந்துவிடுங்கள். லேசான கலங்கலுக்கு நான்கு லிட்டருக்கு ஒரு விதை, செம்மண் நிறத்தில் இருந்தால் லிட்டருக்கு ஒன்று. பருப்பை இடித்து, கொஞ்சம் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் குலுக்கி, துணியில் வடித்த பால் போன்ற நீரைக் கலங்கல் தண்ணீரில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கிண்டுங்கள். கடைசிவரை வேகமாகவே கிண்டினால் திரண்டது உடைந்து மறுபடி கலங்கும். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல்நீரை மட்டும் நான்காய் மடித்த வேட்டித் துணியில் இறுத்துக்கொள்ளுங்கள்.

தேற்றா மரத்தின் விதையான தேற்றாங்கொட்டையும் இப்படித்தான் தெளிய வைக்கும். மண்பானையின் சொரசொரப்பில் உரசுவது வழக்கம். பிளாஸ்டிக் வாளியில் கொட்டை தேயாது, கருங்கல்லில் உரசிக் கலக்க வேண்டும்.

அடுத்தது அடுப்பு. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடியே ஆற வையுங்கள். முருங்கைத் தண்ணீரை அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். விதையின் சத்து கொஞ்சம் நீரில் தங்குவதால் மறுநாள் வாடை வரும்.

செப்புக்குடத்தை நம்புகிறவர்களுக்கு: தெளிந்த நீரை இரவு முழுக்க வைத்தால் கிருமி குறையும், ஆனால் காய்ச்சுவதற்கு அது ஈடல்ல. எலுமிச்சை, மோர் எதையும் அதில் ஊற்றாதீர்கள். புளிப்பு செம்பைக் கரைத்துவிடும்.

காய்ச்ச வேண்டும் என்ற இந்த இரண்டாம் பாதியையும் அதே பலகையில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். கூடவே இன்னொரு வரி: வெள்ளநீரில் டீசலோ செம்பனைத் தோட்டத்து மருந்தோ கலந்திருந்தால் கொட்டிவிடுங்கள், அதை விதையும் எடுக்காது, கொதியும் எடுக்காது.

இப்படிக்கு,
குடிநீர் சுத்திகரிப்புப் பணியில் உள்ள சிலர்,
பட்டர்வொர்த்